மிஸ்ஸுக்குத் தமிழில் என்ன

நாற்பத்தொன்று. சசிரேகா பஸ்ஸின் கடைசி சீட்டிலிருந்து முன்படிக்குத் திரும்பி வந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். இந்தத் தடவை ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, இந்தப் பக்கம் மூன்று, ஆறு, ஒன்பது, தேங்காயெண்ணெயும் வியர்வையும் புளிசாதமும் சேர்ந்து வீசும் மூன்றாம் வகுப்புத் தலைகள், வெயிலில் காய்ந்து இன்னும் சுடுகிற தலைகள், "மிஸ், இவன் என் தண்ணியக் குடிச்சுட்டான் மிஸ்" என்று அண்ணாந்து பார்க்கும் தலை, இருபத்தாறு, இருபத்தேழு, ஜன்னல் கம்பியில் சாய்ந்து தூங்கும் தலை, பேசாதீங்க, மிஸ் எண்ணிக்கிட்டிருக்கேன் இல்ல, கடைசி நீள சீட்டில் ஐந்து. நாற்பத்தொன்று. காலையில் பள்ளிக்கூட வாசலில் ஏறியது நாற்பத்திரண்டு. வகுப்பில் நாற்பத்துநான்கு பேர், இரண்டு பேர் அம்மை போட்டு வரவில்லை, மீதி நாற்பத்திரண்டு, அதில் சந்தேகமே கிடையாது. அணைப் பூங்காவின் வாசலில் டிக்கெட் கிழித்தவரும் நாற்பத்திரண்டு என்றுதான் சொன்னார். சாப்பிட்டு முடித்தபோது? சாப்பிட்டு முடித்தபோது எண்ணினோம். எண்ண ஆரம்பித்தோம், பதினேழு வரைக்கும் வந்தோம், அப்போது கவினுக்கு மூக்கில் ரத்தம் வந்தது, அவனை அண்ணாந்து படுக்க வைத்து, ஈரத்துணி தேடி, அதற்கப்புறம் எண்ணவில்லை. முதலை இருக்கும் இடத்துக்குப் போனபோது? வரிசையாகத்தான் போனார்கள், ஜோடி ஜோடியாகக் கைகோத்து, அவள் முன்னால், ஃப்ளோரா மிஸ் பின்னால். வரிசையாகப் போனார்கள் என்பது எண்ணினோம் என்று ஆகாது. மணி மூன்று பத்து. டிரைவர் ஆறுமுகம் கண்ணாடி வழியாகப் பார்த்து, "போலாங்களா மிஸ்?" என்று இரண்டாவது முறையாகக் கேட்டார்.

ஃப்ளோரா மிஸ் கணக்கு டீச்சர், ஐம்பது வயது, எத்தனையோ டூருக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அத்தனை பேரையும் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தவர். "எண்ணிக்கிட்டே இருந்தா பொழுது போயிரும் சசி மிஸ். பேரைக் கூப்பிடுங்க" என்று கைப்பையிலிருந்து லிஸ்ட்டை எடுத்து நீட்டினார். சசிரேகா கூப்பிட்டாள். ஒவ்வொரு பேருக்கும் ஒரு பிரசன்ட் மிஸ் வந்தது. சில பேர் எழுந்து நின்று சொன்னார்கள், சில பேர் வாயில் எதையோ மென்றுகொண்டே சொன்னார்கள், தூங்குகிறவனுக்காகப் பக்கத்தில் இருந்தவன் சொன்னான். அவள் ஒவ்வொன்றுக்கும் பேனாவால் ஒரு கோடு போட்டாள். கடைசிப் பேருக்கும் கோடு விழுந்தது. நாற்பத்திரண்டு கோடு. பேனாவை மூடினாள். "பாத்தீங்களா, பேரு சரியா இருக்குது. தலையத்தான் நீங்க தப்பா எண்ணுறீங்க" என்றார் ஃப்ளோரா மிஸ். அப்படியே இருக்கட்டும் கர்த்தரே என்று அவரும் மனசுக்குள் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த நிமிஷம் அவரே எழுந்து எண்ணினார், உதடு அசையாமல், கணக்கு டீச்சருக்கே உரிய வேகத்தில். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் இருந்த சிரிப்பைக் காணோம்.

பேர் நாற்பத்திரண்டு, தலை நாற்பத்தொன்று. தலையில்லாத ஒரு பேர் பஸ்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டு பிரசன்ட் மிஸ் என்கிறது. சசிரேகா லிஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றாள். இருக்கிற முகங்கள் எல்லாம் தெரிகின்றன, இல்லாத முகத்தை எங்கே போய்ப் பார்ப்பது. "யாரு இல்லையோ அவங்க கை தூக்குங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், ஒருவன் இரண்டு கையையும் தூக்கினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு வகுப்பறையை நினைத்துப் பார்த்தாள். பெஞ்சு பெஞ்சாகப் போனால் பிடித்துவிடலாம். திங்கட்கிழமை, இங்கிலீஷ் பீரியட், ஒரு சொல் பல பொருள். போர்டில் மிஸ் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தாள். எழுதியதும் ஒருவன் எழுந்து, "இது நீங்கதானே மிஸ்?" என்று கேட்டதும் வகுப்பே சிரித்தது. இது வேற, இது வினைச்சொல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். பஸ்ஸைப் பிடிக்க முடியாமல் போவது மிஸ், குறி பார்த்து எறிந்தது படாமல் போவது மிஸ், வாசிக்கும்போது ஒரு வரியை விட்டுவிடுவது மிஸ், வைத்த இடத்தில் ஒரு பொருள் இல்லாமல் போவது மிஸ்ஸிங், ஊருக்குப் போனவர்களை நினைத்துக்கொண்டு சாப்பாடு இறங்காமல் இருப்பதும் மிஸ்தான். ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்கள் என்றாள். முதல் பெஞ்சில் கவின், ஐ மிஸ்டு த பஸ். அவனுக்குப் பக்கத்தில் மிதுனும் அதே வாக்கியம். இரண்டாவது பெஞ்சில் ரிதன்யா, அவள் அப்பா லாரியில் அஸ்ஸாம் போயிருக்கிறார், ஐ மிஸ் மை டாடி என்று சொல்லிவிட்டுக் கண்ணைக் கசக்கினாள். மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி ஐ மிஸ் மை டாக். நாலாவது பெஞ்சு, ஜன்னலோரம், சுவரோரம். அங்கேயும் ஒருத்தி எழுந்தாள். எழுந்து ஏதோ சொன்னாள். வெளியே பி.டி. சாரின் விசில் சத்தம், என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை, வெரி குட், சிட் டவுன் என்றாள் சசிரேகா. உட்கார்ந்தாள். யார் அது. ஜடை இருந்தது. ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து அடித்ததால் முகம் இருட்டாக இருந்தது. வெளிச்சத்தின் மேல் பழிபோடாதே சசிரேகா. ஜூன் மாசத்திலிருந்து தினமும் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் பாடம் நடத்துகிறாய்.

"எல்லாரும் உங்க ஜோடி கையப் புடிங்க" என்றாள். அது எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை, தோன்றியது. காலையிலேயே ஜோடி பிரித்திருந்தார்கள், நாற்பத்திரண்டுக்கு இருபத்தொரு ஜோடி. கைகள் உயர்ந்தன. இரண்டு இரண்டாக, வளையல் போட்ட கை, மசி படிந்த கை. ஐந்தாவது வரிசையில் மட்டும் மூன்று பெண் பிள்ளைகள் சேர்ந்து பிடித்திருந்தார்கள். நடுவில் இருந்தவள் யாழினி. "உன் ஜோடி யாரு யாழினி?" "மதுமிதா மிஸ்." "மதுமிதா முன்னாடி இருக்காளே. அவளுக்கு ஜோடி ஹர்ஷிதா இல்ல?" யாழினி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அந்த மதுமிதா இல்ல மிஸ். இன்னொரு மதுமிதா." பஸ் முழுக்கச் சத்தமாக இருந்தது, ஆனால் சசிரேகாவுக்கு இன்னொரு என்ற சொல் மட்டும் தனியாகக் கேட்டது. லிஸ்ட்டைப் பிரித்தாள். பதினெட்டாவது பேர் மதுமிதா ஆ., பத்தொன்பதாவது மதுமிதா ச. இரண்டுக்கும் கோடு. இரண்டு தடவையும் பிரசன்ட் மிஸ் வந்தது, முதல் மதுமிதா சத்தமாகச் சொல்லக்கூடியவள், இரண்டு தடவையும் அவளே சொல்லியிருக்கிறாள். தன்னைத்தான் மறுபடி கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பாள், எட்டு வயசுப் பிள்ளை, அவளைச் சொல்லி என்ன. "எப்பக் கடைசியாப் பாத்தே அவளை?" "முதலைகிட்ட மிஸ். நான் ஹர்ஷிதா கூடப் போறேன்னு கைய விட்டுட்டேன். அவ பின்னாடி வந்தா மிஸ்." சொல்லிவிட்டு யாழினி அழத் தொடங்கினாள். முதலைகளைப் பார்த்தது சாப்பாட்டுக்கு அப்புறம், இரண்டு மணிக்கு முன்னால். ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிட்டது.

"நீங்க புள்ளைங்களப் பாத்துக்குங்க" என்று ஃப்ளோரா மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு இறங்கி ஓடினாள். புடவைக் கொசுவத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு, கால் செருப்பு டப்டப்பென்று அடிக்க, டிக்கெட் கவுன்ட்டரைத் தாண்டி, பொம்மை ரயிலைத் தாண்டி. மதுமிதா ச. ச என்றால் சங்கரா, சக்திவேலா. கார்த்திகை மாசம் நடுவில் வந்து சேர்ந்தாள், திருப்பூரிலிருந்து. அம்மாவை நன்றாக நினைவிருக்கிறது. நூல் மில்லில் வேலை, ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள், முன்நெற்றி முடியில் பஞ்சு ஒட்டியிருந்தது, "இங்கிலீசு கொஞ்சம் கம்மிங்க மிஸ், மத்ததெல்லாம் நல்லாப் படிப்பா" என்றாள், கையெழுத்தைத் தமிழில் மெதுவாகப் போட்டாள். அம்மாவின் பஞ்சு நினைவிருக்கிறது. பிள்ளையின் நோட்டு நினைவிருக்கிறது, பொடிப்பொடியான எழுத்து, கோட்டுக்கு மேலே தொடாமல் மிதக்கும், எல்லா டி-யும் குறுக்குக்கோட்டுத் தொப்பியில்லாமல் இருக்கும். நோட்டுக்கு மேலே இருக்கும் முகம்? குனிந்த வகிடு தெரிகிறது. நிமிரு என்று சொன்னால் அது நிமிரவில்லை. சிவப்பா கறுப்பா. பல் விழுந்திருக்கிறதா. மூன்றாம் வகுப்பில் எல்லாருக்கும்தான் விழுந்திருக்கிறது. நாலு மாசம் ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் அதன் நோட்டை மட்டும் திருத்திக்கொண்டு இருந்திருக்கிறேன் என்று யாரிடம் சொல்வாள். அந்த அம்மா வந்து நின்று, எங்க மிஸ் எம்புள்ள என்று கேட்டால், எந்தப் பிள்ளை என்று கேட்க முடியுமா.

முதலை இருக்கும் இடத்தில் காவலாளி ஒரு பெரியவர், பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டார். "இங்க ஒண்ணும் ஆயிருக்காதுங்க மிஸ். சுத்தியும் கம்பி வலை, கைகூட நுழையாது" என்றார். கேட்காமலேயே அவர் அதைச் சொன்னதும் அவள் வலையில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் முதலைகள் பாறை மாதிரிக் கிடந்தன, வாயைத் திறந்து வைத்தபடியே தூங்கின. ஒன்றின் முதுகில் கொக்கு நின்றது. "அடையாளம் சொல்லுங்க. மைக்குல சொல்லச் சொல்லலாம்." அவள் சொன்னாள், பேரு மதுமிதா, மூணாங்கிளாஸ், நீலக்கட்டம் போட்ட சட்டை, ரெண்டு ஜடை. பெரியவர் அவளையே பார்த்தார். "நீலக்கட்டந்தானுங்க இன்னிக்கு வந்த எல்லா ஸ்கூலும் போட்டிருக்குது. வேற ஏதாச்சும், மூஞ்சில மச்சம், காதுல கம்மல்?" வேறு ஏதாவது. வாசலில் எடுத்த போட்டோ. போனை எடுத்தாள், விரல் வழுக்கியது, போட்டோவைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகத் தள்ளிப் பார்த்தாள். எல்லாரும் இரண்டு விரலைக் காட்டிச் சிரிக்கிறார்கள். மூன்றாவது வரிசையில், மிதுன் தூக்கிய கைக்குப் பின்னால், ஒரு காதும் ரிப்பன் கட்டிய ஜடையின் முனையும் தெரிந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மிதுனின் உள்ளங்கை. இதுதான், இந்தப் பிள்ளைதான் என்று அவள் காவலாளியிடம் காட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு மைக் அறைப் பக்கம் நடந்தார்.

கைக்குள் இருந்த போன் அதிர்ந்தது. பிரின்ஸிபால் மேடம். நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பஸ், கிளம்பியாச்சா என்று கேட்பார். எடுத்தால் சொல்ல வேண்டும், சொன்னால் அது நடந்ததாக ஆகிவிடும். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்து ஓய்ந்தது. திரையில் மிஸ்டு கால் இரண்டு என்று வந்தது, அதற்குக் கீழே மத்தியானம் தோஹாவிலிருந்து அவள் புருஷன் அனுப்பியிருந்த மெசேஜ், மிஸ் யூ. அவர் தினமும் அதை அனுப்புவார், பதிலுக்கு இவள் சாப்பிட்டாச்சா என்று அனுப்புவாள், அதற்கு மேல் அவளுக்கு வராது. மிஸ்டு கால் இரண்டு. அவளுடைய அம்மாவுக்கு மிஸ்டு கால்தான் பாஷை. பவானியில் தனியாக இருந்தாள், ஒரு ரிங் விட்டு வைத்தால் சாப்பிட்டாயிற்று, இரண்டு ரிங் விட்டால் நீ கூப்பிடு என்று அர்த்தம். தினமும் மூன்று மணிக்கு ஒரு ரிங் வரும், இவள் பதிலுக்கு ஒரு ரிங் விடுவாள், வருஷக்கணக்கில் இரண்டு பேரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். ஒரு வியாழக்கிழமை, பேரன்ட்ஸ் மீட்டிங். நாலு மிஸ்டு கால் இருந்தது, நாலும் ஒரே ஒரு ரிங். அம்மா விரல் தட்டி அமுக்கியிருப்பாள் என்று நினைத்தாள், ஒரு ரிங் விட்டாள், எதிரில் நின்ற அப்பாவிடம் அவருடைய மகன் கையெழுத்தைப் பற்றிப் பேசப் போய்விட்டாள். சாயங்காலம் பக்கத்து வீட்டு சரோஜாக்கா கூப்பிட்டு, "அம்மா தவறிட்டாங்க சசி" என்றார். "எங்கக்கா, படியிலயா?" என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை, அந்த நிமிஷத்தில் அவளுக்கு அப்படித்தான் விளங்கியது, படியில் தவறினாள், தூக்கிவிட்டால் எழுந்துவிடுவாள். சரோஜாக்கா அழுதபோதுதான் மற்ற அர்த்தம் வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை கவின் எழுந்து, மிஸ்ஸுக்குத் தமிழ்ல என்ன மிஸ் என்று கேட்டானே, அப்போது கை யோசிக்காமல் போர்டில் எழுதியது, தவறவிடுதல். பஸ்ஸைத் தவறவிடலாம், குறி தவறலாம், வரி தவறலாம். அணை ஓரத்தில் நிற்கிற பிள்ளைக்குக் கால் தவறலாம். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லாக இருப்பது எவ்வளவு அநியாயம். இதைத்தான் பிள்ளைகள் பத்துத் தடவை எழுதிக்கொண்டு வந்தார்கள், மதுமிதாவும் பொடி எழுத்தில் பத்துத் தடவை எழுதியிருப்பாள், இவள் அதற்கு ஒரு டிக் போட்டிருப்பாள்.

கம்பத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கர் கரகரத்தது. மூன்றாம் வகுப்பு படிக்கும் மதுமிதா எங்கிருந்தாலும் நுழைவாயிலுக்கு வரவும், உங்கள் டீச்சர் காத்துக்கொண்டிருக்கிறார். நுழைவாயில் எது என்று எட்டு வயசுக்குத் தெரியுமா. எங்கிருந்தாலும் என்கிற சொல் தண்ணீர்ப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. அவள் தண்ணீரைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். மதகுக்குக் கீழே கருங்கல் படிகள், படியெல்லாம் பாசி, யாரோ துவைத்துக் காயப்போட்ட வேட்டி. ஒரு செருப்பு கிடந்தது. பெரியவர்கள் செருப்பு. பெரியவர்கள் செருப்புத்தான், நல்லாப் பாரு, பத்து நம்பர் இருக்கும். அப்போது சங்கு ஊதியது. தண்ணீர் திறக்கும் முன்னால் ஊதுகிற சங்கு, காலையில் பிள்ளைகளுக்கு இவள்தான் விளக்கியிருந்தாள், சங்கு ஊதினா ஆத்துல எறங்கி நிக்கிறவங்க எல்லாம் மேல ஏறிடணும். பிள்ளைகள் கோரஸாக எஸ் மிஸ் என்றார்கள். அந்தக் கோரஸில் மதுமிதாவின் குரலும் இருந்திருக்கும். இருந்ததா. சசிரேகா படியில் இறங்கி, "மதுமிதா" என்று கூப்பிட்டாள். சங்கின் சத்தத்தில் தன் குரல் தனக்கே கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். "மிஸ்" என்று எங்கிருந்தோ ஒரு பிள்ளைக் குரல் வந்தது, உடம்பெல்லாம் திரும்பியது. யாரோ ஒரு பையன், வேறு ஏதோ ஒரு மிஸ்ஸைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினான். உலகத்தில் இத்தனை பேருக்கு ஒரே பேர்.

காவலாளி மூச்சு வாங்க வந்தார். "மிஸ், இன்னிக்கு மூணு ஸ்கூல் வந்துச்சுங்க. ஒண்ணு ரெண்டரைக்கே சேலத்துப் பக்கம் கெளம்பிருச்சு. இன்னொண்ணு பாலத்துக்கு அந்தப் பக்கம், மீன் கடைகிட்ட பஸ்ஸ நிறுத்தி வெச்சிருக்குது. நம்ம மைக் அங்க கேக்காதுங்க. எதுக்கும் ஒரு எட்டு போய்ப் பாத்துருங்க." பாலம் நீளமானது. ஓடினால் மூச்சு நெஞ்சில் குத்தியது, நடந்தால் சேலத்துக்குப் போகிற பஸ் கண்ணுக்குள் போய்க்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் போகும். பஸ்ஸில் ஏறியிருந்தால் நல்லது. பஸ்ஸில் ஏறியிருந்தால் உயிரோடு இருக்கிறாள். கடவுளே, பஸ்ஸில் ஏறியிருக்கட்டும், எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகட்டும், நான் பின்னாலேயே போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன். பொரித்த மீன் வாசனையும் மிளகாய்ப்பொடி நெடியும் வந்தன. மர நிழலில் மஞ்சள் நிற பஸ். அதன் பக்கத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள், எல்லாரும் நீலக்கட்டம், கொஞ்சம் பெரிய கட்டம், பக்கத்தில் போனால்தான் வித்தியாசம் தெரியும். அவர்களுடைய டீச்சர் சின்னப் பெண், இருபத்துமூன்று இருக்கும், கையில் பிளாஸ்டிக் தட்டில் பொரித்த மீன். "மதுமிதா" என்று சசிரேகா கூப்பிட்டாள். வரிசையின் கடைசியில் ஒரு பெண் பிள்ளை திரும்பிப் பார்த்தாள். மெலிந்த முகம், கொஞ்சம் தூக்கலான நெற்றி, மேல் பல் ஒன்று இல்லை. யாரோ ஒரு குட்டிப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சசிரேகா அந்த முகத்தைப் பார்த்தாள். இதுதானா. இதுவாக இல்லாமல் போனால். "நீ மதுமிதாதானே?" என்று கேட்டாள். "ஆமா மிஸ்" என்றது பிள்ளை.

சின்ன டீச்சர் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள். "அய்யோ, உங்க புள்ளையா. சாப்பாட்டுக்கப்புறம் எண்ணுனப்ப ஒண்ணு கூட வந்துச்சுங்க மேடம். நாந்தான் தப்பா எண்ணிட்டேன்னு நெனச்சேன். கொறைஞ்சா பயப்படுவோம், கூட இருந்தா யாருங்க பயப்படுவா." அவள் சொன்னதில் பொய் இல்லை. சசிரேகாவுக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. கோபப்படலாம் என்று தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. பிள்ளையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது, ஒரு அறை வைக்க வேண்டும் என்றும் தோன்றியது, இரண்டுக்கும் கை எழவில்லை. அந்தக் குட்டிப் பெண் பிடித்திருந்த கையை மெதுவாகப் பிரித்துத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். "போய்ட்டு வரேன்" என்று மதுமிதா அந்தக் குட்டிப் பெண்ணிடம் சொன்னாள். சசிரேகா ஃப்ளோரா மிஸ்ஸுக்குப் போன் பண்ணி, கிடைச்சுட்டா என்ற ஒரு வார்த்தையைச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் ஃப்ளோரா மிஸ் அழுவது கேட்டது, பதினைந்து வருஷத்தில் கேட்காத சத்தம்.

பாலத்தில் திரும்பி நடந்தார்கள். கீழே மதகிலிருந்து தண்ணீர் வெள்ளையாகப் பாய்ந்துகொண்டிருந்தது, இரைச்சலில் குனிந்து கேட்டால்தான் பிள்ளை பேசுவது விளங்கியது. "அவங்க கூட எப்படிச் சாமி போனே?" "முதலைகிட்ட நின்னு பாத்துட்டு இருந்தேன் மிஸ். ஒண்ணு கண்ண மூடித் தெறந்துச்சு. அப்புறம் பாத்தா வரிசை போயிட்டிருந்துச்சு, பின்னாடியே போனேன். அது நம்ம வரிசை இல்ல." "அந்த மிஸ்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே, நான் உங்க ஸ்கூல் இல்லைன்னு?" "அவங்க எண்ணிட்டாங்க மிஸ். தலையத் தொட்டு எண்ணுனாங்க. நான் முப்பத்தாறு." எண்ணிவிட்ட பிறகு எப்படிச் சொல்வது என்பது போல அவள் சொன்னாள். கைப்பைக்குள் போன் மறுபடி அதிர்ந்தது, அதிரட்டும் என்று விட்டாள். பிரின்ஸிபாலிடம் என்ன சொல்வது, அந்த அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா, சொல்லாவிட்டால் பிள்ளையே சொல்லிவிடுவாளா, சொல்ல மாட்டாள், சொல்ல மாட்டாள் என்று தோன்றியதே இன்னும் பயமாக இருந்தது. பாதிப் பாலம் வந்தபோது மதுமிதா அண்ணாந்து பார்த்தாள். இந்த முகத்தை மறக்கக் கூடாது என்று சசிரேகாவும் உற்றுப் பார்த்தாள், புருவம் இப்படி, மூக்கு இப்படி.

"எப்ப மிஸ் பாத்தீங்க, நான் இல்லைன்னு?"

தண்ணீர் இரைந்தது. மூன்று பத்துக்கு என்று சொல்லலாம், மூன்று தடவை எண்ணினோம், உன் பேரை இன்னொருத்தி சொன்னாள், நீ இல்லாமலேயே உனக்கு ஒரு கோடு போட்டேன் என்று சொல்லலாம். "உடனே" என்றாள் சசிரேகா. "உடனே பாத்துட்டேன் சாமி."

மதுமிதா தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நானும் உடனே பாத்துட்டேன் மிஸ், நீங்க இல்லைன்னு" என்றாள்.

பஸ் தெரிந்தது. ஜன்னல்களில் எல்லாம் தலைகள், எல்லாரும் கையை ஆட்டிக்கொண்டு இருந்தார்கள். ஃப்ளோரா மிஸ் படியிலிருந்து இறங்கி வந்து பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினார். அப்போதுதான் சசிரேகா தன் பிடியை விட்டாள். விட்ட பிறகு பார்த்தால், அந்தச் சின்ன மணிக்கட்டைச் சுற்றி அவளுடைய நாலு விரலும் வெள்ளையாகப் பதிந்து, மெல்ல மெல்லச் சிவந்துகொண்டு வந்தன. பாலம் முழுக்க வலித்திருக்கும். பிள்ளை ஒரு வார்த்தை சொல்லவில்லை.